கிணத்துல முங்குச்சு, கடல்ல மிதந்துச்சு

கீரமங்கலம்
3.6.2024

காவ்யாவுக்கு அம்மா எழுதுறது. இங்க எனக்கும் கறவை மாட்டுக்கும் ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்ல. ஒனக்குக் காது வலி தேவலையா? சளி புடிச்சிருந்தா கடலுக்குள்ள எறங்காத. மீன் எங்கயும் ஓடிப்போயிறாது.

பொட்டியைப் பிரிச்சதும் சிரிச்ச, கொன்னுபுடுவேன். உள்ள இருக்குறது நீங்க காலுல மாட்டிக்கிட்டு முங்குற அந்தத் தவளைக்காலு. நானே செஞ்சது. போன்ல சொல்லிருக்கலாம். ஆனா போன் எடுத்தா நான் ஏசுறேன், நீ வச்சுப்புடுற. அதோட ஒன் போன் வந்தாலே உங்கப்பா டிவி சத்தத்தைக் கொறைச்சிப்புட்டுச் செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு. அவரு காதுல விழுகுற மாதிரி என்னத்தப் பேசுறது? அதனால இனிமே பொட்டிக்குள்ள கடுதாசி வச்சே பேசிக்குவோம். நீயும் எழுது.

பொங்கலுக்கு வந்தப்ப சொன்னியே, புதுசா முங்கக் கத்துக்கிறவங்களுக்குக் கெண்டைக்காலு புடிச்சுக்குது, காலை ஒதைக்கிறதை விட திருப்பி இழுக்குறதுதான் வலின்னு. அது என் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் எத்தனை வருசமா புட்வால்வுக்கு ரப்பர் மடிப்பு போடுறேன்? கீரமங்கலத்துலேருந்து ஆலங்குடி வரைக்கும் கிணத்து மோட்டார் எல்லாத்துக்கும் அடியில என் மடிப்புதான். தண்ணி உள்ள வந்தா தொறக்கும், திரும்பிப் போகப் பாத்தா மூடிக்கும். அதே மடிப்பை ஒன் தவளைக்காலுல வச்சா என்ன? ஒதைக்கையில மூடிக்கிட்டுத் தண்ணியைத் தள்ளும். காலை இழுக்கையில தொறந்துக்கிட்டுத் தண்ணியை விட்டுரும். வலிக்காதுல்ல?

புதுக்கோட்டையில ரப்பர் அச்சுக்கு டை வெட்டுற கண்ணன் இல்ல, அவன் படத்தைப் பாத்துட்டு "அக்கா, மீனுக்குச் செருப்பு தைக்கப் போறீங்களா"ன்னான். நீ வெட்டுறியா, நான் திருச்சிக்குப் போகவான்னு கேட்டேன். வெட்டிட்டான்.

கால் பாரம் தெரியக்கூடாதுன்னு ரப்பர்ல கனத்துக்குக் கலக்குற மாவைக் கொறைச்சு லேசாப் போட்டுருக்கேன். நம்ம கிணத்துல ஒரு ஆளை விட்டு மாட்டிப் பாத்தாச்சு. பதமா முங்கி அடியில உக்காருது. கடல்ல போட்டுப் பாத்துட்டு உள்ளதை உள்ளபடி எழுது.

அன்போட,
சொர்ணம்

*

ஹேவ்லாக், அந்தமான்
24.6.2024

அம்மா,

பொட்டியும் ஒன் கடுதாசியும் வந்து சேந்துச்சு. காது சரியாயிருச்சு. இங்க மழை, ஆளே இல்ல, நல்லாச் சாப்புட்டுத் தூங்குறேன்.

நான் சிரிக்கல. சத்தியமா. ஆனா எங்க டைவ் ஷாப் ஓனர் ரகுநாத் சார் சிரிச்சாரு. அவரு அந்தமான்லயே பொறந்து வளர்ந்த மதுரைக்காரர், சிரிச்சா படகு கட்டுற ஜெட்டி வரைக்கும் கேக்கும். கையைக் கட்டிக்கிட்டுப் படகுல நின்னு பாத்தாரு. நான் மாட்டிக்கிட்டுக் குதிச்சேன். அவ்வளவுதான், கால் ரெண்டும் மேல போயிருச்சு, தலை கீழ. வௌவால் மாதிரித் தொங்குறேன். ஒரு ஃபின்னைக் கழட்டினா அது தானா மேல ஏறிப் போகுது! படகுக்காரர் கையில புடிச்சுக் குடுத்தாரு.

அம்மா, கடல் தண்ணியில உப்பு. கிணத்துத் தண்ணியை விடக் கனம். கிணத்துல முங்குறது கடல்ல மிதக்கும். நம்ம ரெண்டு பேருக்குமே இது தோணலயே!

ஆனா ஒண்ணு கேளு. தலைகீழாத் தொங்கிக்கிட்டே நாலு ஒதை ஒதைச்சேன். காலை இழுத்தப்ப இழுக்குற மாதிரியே இல்ல. மடிப்பு தொறந்து தண்ணி சும்மா வழியை விட்டுச்சு. நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து எத்தனையோ வெளிநாட்டு ஃபின் போட்டுப் பாத்துட்டேன், இப்படி ஒண்ணு என் காலுக்குத் தெரிஞ்சதே இல்ல. மேல வந்து சொன்னதும் ரகுநாத் சார் சிரிப்பை நிறுத்திட்டாரு. "கால் கீழ நிக்கட்டும், அக்டோபர் சீசனுக்கு என் ஸ்டூடன்ட்ஸ் எல்லாருக்கும் இதான்"னாரு. விட்டுறாதம்மா.

அப்பா எப்படி இருக்காங்க? சென்னை வேலையை விட்டுட்டு வந்தப்ப "கடல்ல முங்கவா ஒன்னப் படிக்க வச்சேன்"னு கேட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு வருசம் ஆகப்போகுது. நான் கேட்டேன்னு சொல்லாத. இல்ல, சொல்லு.

காவ்யா

*

கீரமங்கலம்
15.7.2024

காவ்யாவுக்கு,

நல்லாருக்கியா? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது. மல்லிப்பூ மார்க்கெட்டுல சீந்துவாரில்லாமக் கெடக்கு. மத்தபடி சௌக்கியம்.

ஒன் கடுதாசியைப் படிச்சிட்டு எனக்கு என் மேலயே வந்த கோவம் இருக்கே! சோத்துல உப்பு கூடுனா ஊரையே ஏசுறவ, கடல்ல உப்பு இருக்குங்குறதை மறந்துட்டேன் பாரு. நானாச்சும் பரவால்ல. இந்த வீட்டுல ஒருத்தரு பதினெட்டு வருசம் குவைத்துல கடல் தண்ணியிலேருந்து உப்பைப் பிரிக்கிற பிளான்ட்டுல வேலை பாத்துட்டு வந்து உக்காந்துருக்காரு. அவருக்காச்சும் தோணியிருக்கணுமா இல்லையா? நான் வேணுமின்னே அடுப்படியில நின்னுக்கிட்டு ஒன் கடுதாசியைச் சத்தமாப் படிச்சேன். "கடல் தண்ணியில உப்பு"ங்குற எடம் வந்ததும் பாதித் தோசையை வச்சுப்புட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மறுநாளு கொல்லையில நீல டிரம்மும் ஒரு மூட்டை கல்லுப்பும் கெடக்கு. யாரு வாங்கிட்டு வந்தான்னு கேக்காத, எனக்குத் தெரியாது. அதுல உப்பைக் கரைச்சுக் கரைச்சு, ரப்பர்ல மாவைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பாத்தோம். முந்துனது மிதந்துச்சு. அடுத்தது நடுவுல நின்னுக்கிட்டு மேலயும் போகல, கீழயும் போகல. அதுக்கும் அடுத்தது அழகா அடியில போயி உக்காந்துச்சு. மாடு அந்த டிரம்முல வாயை வச்சுப்புட்டு ரெண்டு நாளா என்னைய மொறைக்குது.

கிணத்துல போட்டுப் பாக்குற ஆளு இப்ப தெனமும் காலையில எறங்குறாரு. நான் சொல்ல வேண்டியதில்ல, தானா போறாரு. பத்தாம் நம்பர் காலு. அவருக்குப் பத்துற மாதிரிப் போட்டா யாருக்கும் பத்தும்.

உங்கப்பா எப்படின்னு கேட்டுருந்த. சாப்புடுறாரு, தூங்குறாரு. கேட்டதைச் சொன்னேன். சரின்னு கூடச் சொல்லல.

சொர்ணம்

*

ஹேவ்லாக்
9.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லாருக்கேன். மாடு கோவம் தணிஞ்சிருச்சா?

பொட்டி வந்துச்சு. நீ கட்டல அதை. கட்டம் கட்டமாக் கயிறு போட்டு இறுக்கி, நாலு பக்கமும் கறுப்பு மார்க்கர்ல பெரிய பெரிய எழுத்துல என் பேரு, எடுத்துத் தூக்குறதுக்குக் கயித்துலயே ஒரு கைப்பிடி. அப்பா லீவுக்கு வரும்போது ஏர்போர்ட்டுல இந்த மாதிரிப் பொட்டியைத்தான் நான் மொதல்ல பாப்பேன், அப்புறந்தான் அப்பாவை. ஜெட்டியில பொட்டியைப் பாத்ததும் அங்கயே அது மேல உக்காந்துட்டேன். கூட வந்தவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க. வெயிலுன்னு சொன்னேன்.

பத்தாம் நம்பர் காலு நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இருக்குன்னு நான் கேக்கல. சரியா?

இப்ப ஃபின் கீழ நிக்குது. கால் கனமும் இல்ல, லேசும் இல்ல. ஆனா மடிப்பு மூடுறப்ப 'டப்பு டப்பு'ன்னு சத்தம். மேல நிக்கிறவங்களுக்குக் கேக்காது, உள்ள பெருசாக் கேக்குது. இங்க ஒரு பாறைச் சரிவு இருக்கும்மா. அதை ஒட்டி மஞ்ச மீனுங்க நிக்கும். நூறு, ஆயிரமுன்னு எண்ண முடியாது. ஒரு வீட்டளவுக்கு நிக்கும். நடுவுல நான் மெதுவாப் போனா, கதவு மாதிரித் தொறந்து விட்டுட்டு, எனக்குப் பின்னாடி மூடிக்கும். நான் அந்த மஞ்சளுக்குள்ள இருப்பேன். ஒவ்வொரு தடவையும் மூச்சு விட மறந்துருவேன். முங்கும்போது மறக்கவே கூடாத விசயம் அது ஒண்ணுதான்.

நேத்து இந்த ஃபின்னோட போனேன். ரெண்டு 'டப்பு', மொத்தக் கூட்டமும் காணாமப் போயிருச்சு. வெறும் தண்ணியில நான் மட்டும் நிக்கிறேன். அழுகையே வந்துருச்சு.

சத்தம் போகணும்மா. அது போயிட்டா இது மாதிரி ஒரு ஃபின் ஒலகத்துலயே இருக்காது.

காவ்யா

*

கீரமங்கலம்
14.9.2024

காவ்யாவுக்கு,

பதிலைக் காணோமேன்னு கோவமா? இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாத. எனக்குக் கையில ரப்பர் சுட்ட காயம், இப்ப ஆறிருச்சு.

சத்தத்தோட மல்லுக்கட்டினோம். மடிப்பு ஓரம் தடியா இருந்தா அடிக்குது. ஓரத்தை மட்டும் வாழையெலை ஓரம் மாதிரி மெல்லிசாப் போட்டா, அடிக்காம ஒட்டிக்குது. ஆனா மெல்லிசாப் போட்டா டையிலேருந்து எடுக்கையில கிழியுது. கண்ணன் ரெண்டு டையைத் தூக்கி எறிஞ்சான். மூணாவது டைக்கு "இதுவும் ஆகலன்னா நான் கோயில் மணி செய்யப் போறேன்க்கா"ன்னான். ஆயிருச்சு.

ஆளு கிணத்துக்குள்ள தலையை முக்கிக் கேட்டுப் பாத்துட்டு, கிணத்துச் செவுரு சத்தத்தைத் திருப்பி அடிக்குது, இது கணக்குல சேராது, கடலுக்குத்தான் போகணும்னாரு. ஒரு ஞாயித்துக்கெழமை மணமேல்குடிக்கு பஸ் ஏறினோம். நானும் போனேன். நம்ம மாவட்டத்துக் கடலு ஒனக்குத் தெரியும்ல? இடுப்பளவுத் தண்ணிக்கே அரை மைலு நடக்கணும். கரையில நண்டு பிரிச்சுக்கிட்டு இருந்த சந்தனமேரின்னு ஒரு பொம்பள, "அண்ணே, அந்தச் செருப்பு போட்டு இலங்கைக்கா போறீக?"ன்னு கேட்டா பாரு, கூட இருந்தவளுக எல்லாம் சிரிப்பு. ஆளு நடந்தாரு, நடந்தாரு, நடந்துக்கிட்டே இருந்தாரு. சொம்பளவு ஆனாரு. அப்புறம் அதுவும் தெரியல.

நான் கரையில நிக்கிறேன். இந்தக் கடலுக்குள்ளதான் என் புள்ள தெனமும் போகுதாங்குற நெனப்பு அப்பதான் மொதல்ல வந்துச்சு. இம்புட்டுப் பெரிசா! ஒரு பக்கத்துலயாச்சும் கரை தெரியணுமே, இல்ல. பயமா, சாமி கும்பிடணும் போலயா, எதுன்னு எனக்கே வெளங்கல. நின்ன எடத்துல ஈரமணல்ல கணுக்கால் வரைக்கும் பொதைஞ்சிருக்கேன், அதுகூடத் தெரியல.

ஆளு திரும்பி வந்தாரு. பஸ்ஸு அறந்தாங்கி தாண்டினதும் "சத்தமே இல்ல"ன்னாரு. மடிப்பைச் சொன்னாரா கடலைச் சொன்னாரான்னு நான் கேக்கல.

போட்டுப் பாத்து எழுது. குதிகால்ல ஊர்ப் பேரை டையிலயே வெட்டியாச்சு, பாத்துக்க.

சொர்ணம்

*

ஹேவ்லாக்
2.10.2024

என் அம்மாவுக்கு,

நலமெல்லாம் அப்புறம் சொல்றேன், மொதல்ல இதைக் கேளு. மஞ்ச மீனு ஓடல!

கதவு தொறந்துச்சு, உள்ள போனேன், மூடிக்கிச்சு. காலை ஒதைக்கிறேன், இழுக்குறேன், ஒரு சத்தம் இல்ல. என் காலையே நான் மறந்துட்டேன். மேல வந்து ரகுநாத் சார்கிட்ட ஒண்ணும் சொல்லாம ஃபின்னைக் கழட்டிக் குடுத்தேன். அவரும் போனாரு. ரொம்ப நேரங்கழிச்சு வந்தாரு. படகுல ஏறி உக்காந்து ஃபின்னைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, குதிகால்ல இருந்த எழுத்தைத் தடவி, "கீரமங்கலம் கடல்லேருந்து எவ்வளவு தூரம்?"னு கேட்டாரு. கிணத்துலேருந்து பக்கம் சார்னு சொன்னேன்.

சின்ன அளவு, பெரிய அளவு எல்லாம் கலந்து இருபத்தஞ்சு ஜோடி வேணுமாம். பாண்டிச்சேரியில அவரு ஃப்ரண்டு டைவ் ஷாப்புக்கும் போன் போட்டுட்டாரு. இங்க முங்க வந்த ஒரு ஜெர்மன் அம்மா, நான் போட்டுக்கிட்டு இருந்ததையே கழட்டிக் குடுன்னு கேக்குறாங்க.

அம்மா, எனக்கு ஒண்ணு வேணும். அந்தக் கிணத்து ஆளை இங்க அனுப்பு. நானே டிக்கெட் போடுறேன். இது அவர் காலு சொல்லிச் சொல்லிச் செஞ்சது. அது எங்க போகுதுன்னு அவரு ஒரு தடவை பாக்கணும். ப்ளீஸ்.

நான் நல்லாருக்கேன். இதுக்கு முன்னாடி இவ்வளவு நல்லா இருந்ததில்ல.

காவ்யா

*

கீரமங்கலம்
28.10.2024

காவ்யாவுக்கு,

தீபாவளி நெருங்கிருச்சு, நீ இல்லாம முறுக்கு சுடவே கை வரல. ஒடம்பைப் பாத்துக்க.

ரப்பர் அமுக்குற பிரஸ் பகலெல்லாம் ஓடுது. கூடை முடையுறவ வீட்டுல கூடை மலை மாதிரிக் கெடக்குற கணக்கா வீடு பூரா தவளைக்காலு. சாயங்காலமானா ஒருத்தரு பிளேடை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பிசிறு வெட்டுறாரு. நான் வெட்டினா ஒத்துக்க மாட்டாரு, வாங்கித் திரும்ப வெட்டுவாரு.

நீ கேட்டதை மறைச்சு மறைச்சுப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு. அந்த ஆளு உங்கப்பாதான். ஒனக்கும் தெரியும், ஒனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும், நடுவுல நான் ஒருத்தி நாடகம் ஆடிக்கிட்டு இருக்கேன். நேரா கேட்டேன். "புள்ள கூப்புடுறா, போயிட்டு வாங்க"ன்னேன். "கடலை நான் பாத்தாச்சு, பதினெட்டு வருசம், குழாயில"ன்னு சொல்லிப்புட்டுக் கையைக் கழுவிட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல சோத்துப் பானையைப் பொத்துன்னு வச்சேன். மூடி உருண்டு வாசல் வரைக்கும் போயிருச்சு. அதை எடுத்துக் குடுத்தாரு.

நான் என்னத்தடி செய்யிறது. ரெண்டு பேரும் ஒரே அச்சு.

சொர்ணம்

*

ஹேவ்லாக்
11.11.2024

அம்மா,

நலம். சரி, வர வேணாம். கட்டாயப்படுத்தாத.

எனக்குக் கோவமெல்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான். என்னைப் படிக்க வைக்க அப்பா கடல் ஓரத்துலயே பதினெட்டு வருசம் இருந்தாங்க. ஆனா அந்தக் கடல்ல ஒரு நாள் கூடக் கால் நனைச்சதில்லன்னு நீதான் சொல்லிருக்க. ஷிப்ட்டு, ரூம்பு, ஷிப்ட்டு. நான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துருந்தப்ப இதைத்தான் நெனைச்சுக்கிட்டே இருந்தேன். அப்பா எனக்காகப் பாக்காம விட்டதை நான் பாத்துட்டேன். அதை அப்பாகிட்டக் காட்டணும். எனக்கு ஃபின் விக்கிறதை விட அதுதான் ஆசை.

சரக்கைக் கூரியர்ல போட்டுரு. வழி எழுதிருக்கேன்.

காவ்யா

*

கீரமங்கலம்
8.12.2024

காவ்யாவுக்கு,

சௌக்கியமா? இது போஸ்ட்டுல வருது, பொட்டி பின்னாடி வரும்.

ஒன் கடுதாசியை டிவி மேல விரிச்ச மேனிக்கு வச்சிட்டு நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். வந்து பாத்தா அது மடிச்சு வச்சிருக்கு. ராத்திரிச் சோத்துல உக்காந்து, "கூரியர்காரன் மேல பாரத்தைத் தூக்கி வைப்பான், மடிப்பு வளைஞ்சுபோகும். சரக்கோட யாராச்சும் கூடப் போகணும்"னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சோத்தைப் பிசைஞ்சேன். சிரிச்சா மனுசன் மாறிப்புடுவாரு.

சென்னையிலேருந்து கப்பலு. சரக்கு கூட வர்ற ஆளு பத்தாம் நம்பர் காலு, மோர்மொளகா கொண்டுவர்றாரு. அவரு ஒன்னப் பாக்க வரல, சரக்கு எறக்க வர்றாரு. மறந்துறாத. அழுதுகிழுது வைக்காத.

சொர்ணம்

*

ஹேவ்லாக்
22.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் சுகம், சரக்கு கூட வந்தவரும் சுகம். மோர்மொளகா காலி.

ஜெட்டியில கயிறு போட்ட பொட்டிங்க எறங்குச்சு, பின்னாடி அப்பா. மெலிஞ்சுட்டாங்கம்மா, நீ சொல்லவே இல்ல. என்னைப் பாத்தாங்க, பொட்டியைப் பாத்தாங்க, பொட்டியைத் தூக்கிட்டாங்க. ஷாப்புல உக்காந்து வர்றவங்க காலுக்கெல்லாம் மாட்டிவிட்டு, விரலை உள்ள விட்டு இறுக்கம் பாக்குறது என்ன, வார் வெட்டுறது என்ன! வெள்ளைக்காரங்களுக்குக் கையைக் காட்டியே எல்லாம் வெளங்க வச்சாங்க. எங்கிட்ட மட்டும் ரகுநாத் சார் வழியாத்தான். "அந்தப் பொண்ணுகிட்டக் கத்தரிக்கோலு வாங்குங்க." நான் பக்கத்துலதான் நிக்கிறேன்.

நேத்துக் காலையில ரகுநாத் சார், "செஞ்சவர் ஆழக் கடல்ல போட்டுப் பாக்காத சாமானை நான் மறுபடி எப்படி ஆர்டர் பண்றது?"ன்னாரு. சும்மா சீண்டத்தான். அப்பா எந்திரிச்சாங்க. பத்தாம் நம்பரை எடுத்தாங்க. டாக்டர் பாத்தாரு, சரின்னாரு. ஆழமில்லாத எடத்துல மூச்சு விடப் பழக்கினேன். நான் சொல்லச் சொல்ல, சரிங்குற மாதிரித் தலையை மட்டும் ஆட்டினாங்க.

அப்புறம் கையைப் புடிச்சுக்கிட்டுக் கீழ கூட்டிட்டுப் போனேன். அம்மா, தண்ணிக்கு அடியில யாரும் யாருகூடவும் பேச முடியாது. எங்க ரெண்டு பேருக்கும் அது பழக்கந்தானே! நல்லாருக்கீங்களான்னு விரலை வட்டமா வச்சுக் கேட்டேன். ரெண்டு வருசத்துல மொதத் தடவையா நான் கேட்டதுக்கு எங்கப்பா பதில் சொன்னாங்க. அவங்களும் வட்டம் வச்சாங்க. நான் வேணும்னே திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்துச்சு.

ஆனா மீனைக் காட்டினா மீனைப் பாக்கல. பவளப்பாறையைக் காட்டினா அதையும் பாக்கல. கழுத்தைத் திருப்பித் திருப்பி அவங்க காலையே பாக்குறாங்க, மடிப்பு தொறக்குதான்னு! எனக்குச் சிரிப்பு, கண்ணாடிக்குள்ள தண்ணி போயிருச்சு.

அப்ப ஆமை வந்துச்சு. பெரிய பச்சை ஆமை, நம்ம வீட்டுக் கட்டிலளவு. அவசரமே இல்லாம எங்களை ஒட்டிப் போச்சு. அப்பா காலை விட்டுட்டு அதைப் பாத்தாங்க. அது முன்னங்கை ரெண்டையும் கீழ தள்ளையில அகலமாத் தள்ளுது. மேல தூக்கையில கையைச் சாய்ச்சுக்கிட்டு, தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுச் சும்மா எடுக்குது. தள்ளையில மூடுது, எடுக்கையில விடுது. அம்மா, ஒன்னோட மடிப்பு! நீ டையில வெட்டினது, அப்பா கிணத்துல பாத்தது, அது அந்த ஆமை கையில எந்தக் காலத்துலேருந்தோ இருந்துருக்கு. இத்தனை ஆமை பாத்துருக்கேன், நான் இதைக் கவனிச்சதே இல்ல.

அப்பா என் கையை விட்டுட்டு ரெண்டு கையையும் சேத்துக் கும்புட்டாங்க. கடலுக்கு அடியில, மூச்சுக் குழாயை வாயில கவ்விக்கிட்டு. ஆமை போய் நீலத்துக்குள்ள மறையிற வரைக்கும் கையை எடுக்கல. அந்தக் கும்புட்ட கையோட அப்பா அப்படியே மிதந்தாங்க. கால் கீழ, தலை மேல, அசையாம. நான் பக்கத்துல இருந்தேன். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல.

மேல வந்து கண்ணாடியைக் கழட்டினோம். மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். அப்பாதான் பேசினாங்க. "எடது காலு மடிப்புல இன்னும் ஒரு நூல் பிசிறு இருக்குத்தா, வெட்டணும்"னாங்க. ஆத்தான்னு கூப்புட்டாங்கம்மா. அதுக்கப்புறம் "சாப்புட்டியா"ன்னு கேட்டாங்க. நீ அழாதன்னு எழுதியிருந்த. என்னால முடியல.

அப்பாவும் ஒனக்கு எழுதியிருக்காங்க. இதோட வச்சிருக்கேன்.

காவ்யா

*

ஹேவ்லாக்
22.12.2024

சொர்ணத்துக்கு ஆத்மநாதன் எழுதிக்கொண்டது. சரக்கு சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறது. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு இல்லை, சொல்லியிருக்கிறேன். மாட்டுக்குத் தவிடு மறந்துவிடாதே.

குவைத்திலிருந்து உனக்கு எத்தனையோ கடிதம் போட்டேன். நலம், பணம் அனுப்பியுள்ளேன், நலமறிய ஆவல். கடலைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எனக்குக் கடல் என்றால் குழாய், மீட்டர், உப்பு. இன்றைக்கு எழுதுவதற்கு இருக்கிறது, எனக்கு எழுதத்தான் வரவில்லை.

கீழே அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி நாலு பக்கமும் சத்தம். உயிர்களின் சத்தமாம், பிள்ளை சொன்னது. அண்ணாந்து பார்த்தேன். தண்ணீரின் மேல்பக்கத்தை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாயா? வெள்ளித் தகடு அடித்த கூரை மாதிரி, ஆனால் அது அசைகிறது. அதற்கு மேலே சூரியன். நான் அங்கே எவ்வளவு சின்னவன்! ஆனாலும் பயம் வரவில்லை. நம் பிள்ளை என் கையைப் பிடித்திருந்தது. அதற்கு அங்கே எல்லாம் தெரிந்திருக்கிறது, சொர்ணம். எந்த மீன் எங்கே இருக்கும், எங்கே திரும்ப வேண்டும், எப்போது மேலே போக வேண்டும், எல்லாம். வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடக்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மடிப்பை யோசித்தவள் நீ. நீ இன்னும் கணுக்காலளவுத் தண்ணீருக்கு மேல் போனதில்லை. நீ வர வேண்டும். பொங்கல் கழித்து வா, நான் அதுவரை இங்கே இருக்கிறேன். உனக்கு ஒரு ஜோடி எடுத்து வைக்கலாம் என்று போனேன். பிள்ளை உன் கால் அளவு என்ன என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. உடனே எழுது.

ஆத்மநாதன்

*

கீரமங்கலம்
4.1.2025

ரெண்டு பேருக்கும்,

நானும் மாடும் நல்லாருக்கோம். கடுதாசியை எத்தனை தடவை படிச்சேன்னு சொல்ல மாட்டேன். மாட்டுக்குத் தவிடு வைக்க மறந்துபோச்சு, அதை மட்டும் சொல்றேன்.

இருபத்தேழு வருசம் குடும்பம் நடத்தின மனுசனுக்குப் பொண்டாட்டி காலு அளவு தெரியல. ஊரு ஒலகத்துக்கெல்லாம் விரலை விட்டு விட்டு அளவு பாக்குறாராம்! வந்து பேசிக்கிறேன்.

எனக்குப் பயமாத்தான் இருக்கு. மணமேல்குடியில நின்னதை நெனைச்சா இப்பவும் கால் மணல்ல பொதையுற மாதிரி இருக்கு. ஆனா அந்த ஆமையை நான் பாக்கணும். பாத்து, ஒனக்கு யாரு டை வெட்டுனான்னு கேக்கணும்.

பால்காரர் வீட்டுல மாட்டைக் கட்டிடுறேன்னு சொல்லியாச்சு. என் காலு அளவு அஞ்சு. வலது காலு கொஞ்சம் பெருசு, பாத்து எடுத்து வைங்க.

சொர்ணம்